இடப்பக்கம் சாய்ஞ்ச வண்டி

ஜூலை 6, ஞாயிறு

தாமு கொண்டாந்த, முன்பக்கத்தைத் தூக்கி மட்டமாக்கற லெவலிங் கிட்டை ஒருவழியா இன்னிக்கு வண்டியில பூட்டியாச்சு. மூணு மாசமா கட்டிலுக்கு அடியில கிடந்த பெட்டி. கூட்டும்போதெல்லாம் சீமாறு அதுல முட்டுதுன்னு என் சம்சாரம் தெய்வானை நச்சரிச்சுட்டே இருந்தா. அதுக்காகத்தான் பூட்டினது. வேற காரணம் ஒண்ணும் இல்லை.

வண்டி என் தம்பி தாமோதரனோடது. சார்ஜாவுல வேலை பார்த்து வாங்கின பிக்கப். முன்னால ரெண்டு சீட்டு, பின்னால ஒரு வரிசை, அதுக்கும் பின்னால சாமான் தொட்டி. அவன் அங்க, வண்டி இங்க. நான்தான் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளை ஏத்திக்கிட்டுத் தோட்டம் தோட்டமா ஓட்டிட்டிருந்தேன். லோடு இல்லாதப்ப பின்பக்கம் தூக்கிட்டு, முன்பக்கம் குனிஞ்சே நிக்கும். போட்டோவுல பார்க்கறப்பெல்லாம், "ஏண்ணா, எருமை தண்ணி குடிக்கிற மாதிரியே நிக்குது, சகிக்கலை"ம்பான். பங்குனியில லீவுக்கு வந்தப்ப பேரீச்சம்பழத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவுல வெச்சு இந்தப் பெட்டியைக் கொண்டாந்தான். பூட்டறதுக்குள்ள ஒரேயடியாப் போய்ச் சேர்ந்துட்டான்.

ஹக்கீம் காலையிலயே சாமானோட வந்துட்டான். ஆனமலையில மெக்கானிக் ஷெட் வெச்சிருக்கறவன், தாமுவோட ஒண்ணாப் படிச்சவன். வாசல்லயே ஜாக்கி குடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் குடுத்து, முன் டயர் ரெண்டையும் கழட்டினோம். ஷாக் அப்சர்பரை ஸ்பிரிங்கோட இறக்கி, அது தலைமேல இரும்புத் தட்டை வெச்சு, திருப்பி மேல ஏத்தணும். சொல்றதுக்கு இவ்வளவுதான். ஏத்தறப்ப நான் கடப்பாரையைக் குடுத்து அமுக்கிப் பிடிக்க, அவன் போல்ட்டை ஓட்டைக்கு நேராக் கொண்டுவர, ரெண்டு பேருக்கும் இடுப்பு கழண்டுடுச்சு.

தட்டு ரெண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒண்ணு கனம், ஒண்ணு மெல்லிசு. பெட்டி மேல இருந்த படத்துல ஸ்டீயரிங் பக்கம் கனத்தட்டைக் காட்டியிருந்துச்சு. "டிரைவர் உக்கார்ற பக்கம் பாரம் ஜாஸ்திங்ணா, அதுக்குத்தான்"ன்னான் ஹக்கீம். எனக்கும் சரின்னு பட்டுச்சு. வலப்பக்கம் கனத்தட்டையே போட்டோம்.

தெய்வானை சூடம் சுத்தி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சா. மிச்சம் ஒரு பழத்தை டேஷ்போர்டு மேல வெச்சா. அது மெதுவா உருண்டு இடப்பக்க மூலையில போய் நின்னுச்சு. தாமு சம்சாரம் பிருந்தா வண்டிக்குப் பக்கத்துல நின்னு அதையே பார்த்துட்டிருந்தா. அவ வாசலுக்கு வந்ததே ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான்.

ஜூலை 7, திங்கள்

மூக்கு நல்லா நிமிர்ந்து நிக்குது. தாமு பார்த்திருக்கணும்.

ஜூலை 9, புதன்

கோட்டூர் தோப்புக்கு லோடு. ஸ்டீயரிங் இடப்பக்கமே இழுக்குது. பிடி கொஞ்சம் தளர்ந்தா வண்டி ரோட்டோரத்தைப் பார்த்துப் போகுது. தட்டு போட்டா வீல் அலைன்மென்ட் பண்ணியே ஆகணும், பொள்ளாச்சிக்குப் போயிட்டு வாங்கன்னு ஹக்கீம் அன்னைக்கே சொன்னான். போகணும். மழை விடட்டும்.

தண்ணி பாட்டிலை எங்க வெச்சாலும் பக்கத்து சீட்டோட கதவுப் பக்கம் போய்த்தான் விழுது. டேப்பும் அங்கதான், பேனாவும் அங்கதான். சரி, தாமுவே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஜூலை 12, சனி

தெய்வானைக்குச் சுகர் பார்க்கப் பொள்ளாச்சி போனோம். பிருந்தாவையும் வலுக்கட்டாயமாக் கூட்டிட்டுப் போனோம். அவ எப்பவும் பின்னாடிதான் உக்காருவா. புருசனோட அண்ணன் பக்கத்துல உக்கார்றது எங்க பக்கம் வழக்கமில்லை. தெய்வானை முன்னாடி உக்கார்றவ. சித்திரையில இருந்து அவளும் பின்னாடிதான் ஏறறா. யாரும் யாருக்கும் சொல்லலை, அந்த சீட்டு காலியாவே வருது.

கோட்டூர் பிரிவு தாண்டினதும் பிருந்தா வாயைத் திறந்தா.

"மாமா, அந்தப் பக்கம் தாழ்ந்திருக்குது, பாத்தீங்களா?"

"ஆமா. ஸ்பிரிங்கு படியணும்."

"ஆளு உக்காந்திருந்தா எப்படி இருக்குமோ அப்படியே இருக்குதுங்க மாமா."

தெய்வானை அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் கண்ணாடியில பார்த்தேன். பிருந்தா அழலை. நல்லாத்தான் இருந்தா. வர்ற வழியில வண்டியை நிறுத்தச் சொல்லிச் சூடா முறுக்கு வாங்கினா. ராத்திரி தோசை போதும்னு சொல்லாமச் சாப்பிட்டா. மூணு மாசமாத் தட்டுல கோலம் போட்டுட்டு எந்திரிச்சவ.

"என்னத்தையோ நெனச்சுக்கட்டும் விடுங்க, சாப்பிட்டாளே"ன்னா தெய்வானை.

அலைன்மென்ட் கடையைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். கூட்டமா இருந்துச்சு.

ஜூலை 15, செவ்வாய்

மழை. வேலைக்குப் போகலை. சும்மா உக்காந்திருக்கறதுக்கு எழுதலாம்.

சித்திரையில அன்னைக்கும் இதே பொள்ளாச்சி ரோடுதான். நெஞ்சு கரிக்குதுண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்னான். பிருந்தா அவங்க அம்மா வீட்டுல இருந்தா. நான் ஓட்டினேன், தாமு இடப்பக்கம். கொஞ்ச தூரத்துல கதவுல தலையைச் சாய்ச்சுட்டான். நான்பாட்டுக்குக் கோட்டூர் தோப்பு வேலையைப் பத்திப் பேசிட்டே போனேன், அவனும் ம் கொட்டிட்டே வந்தான். எப்ப நிறுத்தினான்னு தெரியலை. தூங்கட்டும்னு நெனச்சேன். தூங்கறவன்கிட்ட எதுக்குப் பேசினேன்னா, அது என் பழக்கம். ஆஸ்பத்திரி வாசல்ல கதவைத் திறந்து பார்த்த டாக்டர் என்கிட்டக் கேட்டது, "எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

இதையெல்லாம் எழுதறதுக்கா உரக்கடைக்காரன் டைரி குடுத்தான். போதும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பொறந்தாச்சு. மண்ணூர்ல குழாய் பதிக்கற வேலை. தோப்புக்காரர் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்ன நாச்சிமுத்து, வண்டி ஒருக்களிச்சு நிக்குது?"ன்னார். மண்ணு அப்படிங்கன்னேன். அவர் காலால மண்ணைத் தேய்ச்சுப் பார்த்தார். மண்ணு மட்டமாத்தான் இருந்துச்சு.

ரசமட்டம் டூல் பாக்ஸுல கிடக்குது. இருவது வருசமா அதை வெச்சுத்தான் எனக்குச் சோறு. பானெட் மேல ஒரு நிமிசம் வெச்சா, குமிழி எந்தப் பக்கம் ஓடுது, எவ்வளவு ஓடுதுன்னு சொல்லிடும். எடுத்தேன். குழாய்க்கு மட்டம் பார்த்துட்டு உள்ள வெச்சுட்டேன். வண்டிக்கு வைக்க இன்னிக்கு நேரமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கோபியில இருந்து பிருந்தாவுக்குப் போன். அவ படிச்ச பள்ளிக்கூடத்தோட ஹெட்மிஸ்ட்ரஸ். கணக்கு டீச்சர் வேலை காலியா இருக்குதாம், தங்கறதுக்கு விடுதியில அறையும் உண்டாம். ஆடியில சேர வேண்டாம், ஆவணி பொறந்ததும் வந்துடு, அதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுன்னாங்களாம். பி.எட் முடிச்சவ. கல்யாணத்துக்கு அப்புறம் மறந்தே போன படிப்பு.

தெய்வானைக்குச் சந்தோசம் தாங்கலை. "போய்த்தான் ஆகோணும் கண்ணு. இருவத்தொம்பது வயசுல எங்க கூட உக்காந்து புளி கொட்டை எடுத்துட்டா இருப்பே?"

"அவரை இங்க விட்டுட்டு எப்படிங்கக்கா போறது?" அவ்வளவுதான் சொன்னா. கையில வெச்சிருந்த துணியை மடிச்சுட்டே, சாதாரணமாச் சொன்னா.

தெய்வானை என்னைப் பார்த்தா. நான் எந்திரிச்சு மோட்டார் போடப் போயிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

மண்ணூர் தோப்புக்காரர் மறுபடியும். வண்டியில இருந்து இறங்கறேன், "யாருகூடப்பா பேசிட்டே வந்தே?"ங்கறார். போன்லங்கன்னேன். போன் வீட்டுல சார்ஜுல கிடந்துச்சு.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. ஆழியாத்துல தாமுவுக்குத் திதி குடுத்தோம். ஐயர் எள்ளும் தண்ணியும் விடச் சொல்லி, எல்லாம் முடிஞ்சதும், நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாருன்னு நெனச்சுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போங்கன்னார். திரும்பிப் பார்க்காம வந்து வண்டியில ஏறினோம். பின்னாடி இருந்து பிருந்தா சிரிக்கற சத்தம்.

"ஐயரு போயிட்டாருங்கறாரு. இவரு நமக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டாருங்க."

தெய்வானை முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஹக்கீம் கிரீஸ் வைக்க வந்தான். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறிப்போச்சு. சுத்தி வந்தான், குனிஞ்சான், டயர் மேல இருக்கற இடைவெளியில விரலை விட்டு ரெண்டு பக்கமும் அளந்தான். இடப்பக்கம் கொஞ்ச நஞ்சமில்லைங்ணா, நல்லாவே இறங்கியிருக்குதுன்னான். அந்தப் பெட்டி எங்கன்னு கேட்டான். தெய்வானை அதுல பூண்டு போட்டு வெச்சிருந்தா. கொட்டிட்டு எடுத்துக் குடுத்துட்டு உள்ள போயிட்டா. படத்தைப் பார்த்துட்டு அவன் தலையில கை வெச்சுக்கிட்டான்.

"அண்ணா, இதுல ஸ்டீயரிங் எந்தப் பக்கம் போட்டிருக்குது பாருங்க."

இடப்பக்கம். சார்ஜாவுல வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கந்தான். இந்த வண்டிக்கு டேங்க்கும் பேட்டரியும் இடப்பக்கமே இருக்குது, அதனால அந்தப் பக்கம் முதல்லயே ஒரு பொடி தாழ்ந்துதான் இருக்குமாம். அதைத் தூக்கிக் குடுக்கத்தான் கனத்தட்டு. நாங்க படத்துல ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்துட்டு வலப்பக்கம் போட்டுட்டோம். தூக்க வேண்டியதை விட்டுட்டு, தூக்கக் கூடாததைத் தூக்கி வெச்சிருக்கோம்.

ஹக்கீமுக்குச் சிரிப்பு. எனக்கு அவன் மேல கோபந்தான் வந்துச்சு. ஏண்டா இப்ப வந்து சொன்னேன்னு.

"இப்பவே மாத்திடலாங்ணா, அரை நாள் வேலை."

"பொறவு பாக்கலாம். பிருந்தாகிட்ட எதுவும் சொல்லாதே."

அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். கிரீஸை மட்டும் வெச்சுட்டுக் கிளம்பினான்.

ஜூலை 29, செவ்வாய்

தெரிஞ்சும் அப்படியேதான் ஓட்டறேன். தட்டு மாறிப்போச்சுன்னு தெரியுது. தெரிஞ்ச பின்னாடியும் அவன் அங்கதான் இருக்கான். இதை யாருகிட்டச் சொல்றது.

ஜூலை 30, புதன்

பிருந்தா இப்பெல்லாம் சாயங்காலம் வண்டியைத் தொடைக்கறா. இடப்பக்கக் கதவை மட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. எடுக்கலையாம். "அவளுக்கு ஒரு வழி பொறக்குது, அதுல மண்ணை அள்ளிப் போடாதீங்க"ன்னு தெய்வானை என்கிட்டச் சொன்னா. நான் என்ன பண்ணினேன்னு கேட்டேன். "அதை நீங்கதான் சொல்லோணும்"னா. இவளுக்கு ஹக்கீம் சொல்லிட்டானா, இல்லை தானாவே கண்டுபிடிச்சாளா, தெரியலை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எழுத்து இன்னும் கோணலாத்தான் வருது.

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலுக்கு மூணு பேரும் போனோம். வாய்க்கால் ரோடு. தண்ணி கரை தொட்டுப் போகுது. எதுத்தாப்புல பஸ் வந்துச்சு, வழி விட ஒரு பொடி ஒதுக்கினேன். வண்டி அந்தப் பொடியோட நிக்கலை. நான் வலப்பக்கம் திருப்பறேன், அது இடப்பக்கமே இழுக்குது. ஈர மண்ணு வேற. முன் டயர் கரையை விட்டு இறங்கி, வண்டி தலையைச் சாய்ச்சுட்டு நின்னுச்சு. ஜன்னல்ல தண்ணி மட்டுந்தான் தெரியுது. தெய்வானை அம்மா தாயேன்னு கத்தறா. எனக்கு பிரேக்கு மேல இருந்து காலை எடுக்க முடியலை.

பிருந்தா கத்தலை. கண்ணாடியில அவ முகத்தைப் பார்த்தேன். அவ அந்த முன் சீட்டையே பார்த்துட்டிருந்தா.

"பயப்படாதீங்க மாமா. அவருதான் கூப்பிடறாரு."

அப்புறம், ஒரு கடைக்குப் போலாமான்னு கேக்கற மாதிரி: "போயிரலாங்களா?"

பஸ்காரங்க இறங்கி வந்து எங்களை வலப்பக்கமா இறக்கினாங்க. ஒரு டிராக்டர் வந்து இழுத்துச்சு. பிருந்தாவை இறக்கறதுக்குத்தான் நேரமாச்சு. தெய்வானை அவ இடுப்பைக் கட்டிப் பிடிச்சு இழுத்தா. கரையில உக்கார வெச்சும் பிடியை விடவே இல்லை.

மூணு வாரமா நல்லாயிட்டு வர்றாள்னு நெனச்சுட்டிருந்தேன். நல்லா ஆகலை. கிளம்பறதுக்கு ரெடியாயிட்டிருந்திருக்கா. அதுக்கு வண்டி ஓட்டிட்டுப் போனவன் நான்.

ஆகஸ்ட் 2, சனி

ஹக்கீம் ஷெட்டுக்கு விடியக்காலையே போயிட்டேன். தட்டு ரெண்டையும் கழட்டி மாத்திப் பூட்டினோம். இந்தத் தடவை கடப்பாரை பிடிக்கறப்ப இடுப்பு வலி தெரியலை. அவன் கை கழுவப் போன நேரத்துல அந்தச் சீட்டுகிட்டச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன்னு எழுத மாட்டேன்.

அப்படியே பொள்ளாச்சி போய் அலைன்மென்ட். வெளியில வந்து மட்டமான சிமெண்டு தரையில நிறுத்தி, ரசமட்டத்தை எடுத்து பானெட் மேல குறுக்க வெச்சேன். குமிழி நட்ட நடுவுல நின்னுச்சு. நெஞ்சுக்குள்ள எதையோ வழிச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து பிருந்தாகிட்டச் சொன்னேன். படம், சார்ஜா, ஸ்டீயரிங், டேங்க்கு, எல்லாத்தையும். நாங்க தப்பாப் பூட்டிட்டோம், வேற ஒண்ணும் இல்லை கண்ணுன்னேன். அவ வாசல்ல போய் வண்டியைப் பார்த்தா. முன்னாடி நின்னு பார்த்தா. திரும்பி வந்தப்ப அவ முகத்தை நான் பார்க்கலை.

"உங்களை யாரு சரி பண்ணச் சொன்னது?"

"நேத்து நீ சொன்ன பேச்சுக்கு..."

"உங்களுக்கு அவரு கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தாருங்க மாமா. பேசிட்டே போனீங்க. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இது ஒண்ணுதான் கிடைச்சுது, அதையும் கழட்டிட்டு வந்துட்டீங்க."

என்கிட்ட இப்படி நிமிர்ந்து பார்த்து அவ ஒரு நாளும் பேசினதில்லை. கடைசி வரைக்கும்கறா. எது கடைசின்னு எனக்கே தெரியாதே. அதை அவகிட்டச் சொல்லலை. தெய்வானை வந்து அவளை உள்ள கூட்டிட்டுப் போனா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வீட்டுல யாரும் சரியாச் சாப்பிடலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பிருந்தா காப்பி கொண்டாந்து வெச்சுட்டுப் போறா, பேசறதில்லை. நேத்து உள்ள இருந்து வாய்விட்டு அழற சத்தம். சாவுக்குக்கூட அப்படி அழுகலை அவ. "அழுகட்டும், யாரும் போக வேண்டாம்"னு தெய்வானை சொன்னா. வண்டி நேரா ஓடுது. ஓட்டறதுக்குச் சுகமா இருக்குது. வேலைக்குப் போறப்ப ரேடியோ போட்டுக்கறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயங்காலம் பிருந்தா சாவி கேட்டா. குடுத்தேன். வண்டியில ஏறினா. பின்னாடி இல்லை, முன்னாடி இடப்பக்கம். கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா. தெய்வானைக்கு அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியலை, ஜன்னல்லயே நின்னுட்டிருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு இறங்கி வந்து சாவியை ஆணியில மாட்டினா.

"ஒண்ணுமில்லைங்க மாமா. வெறும் சீட்டுத்தான்."

அப்புறம் முகம் கழுவிட்டு வந்து, "ஸ்கூலுக்குப் போன் பண்ணீட்டேனுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி கொண்டுபோய் விட்டுருவீங்களா?"ன்னு கேட்டா.

விடறேன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒண்ணு. பிருந்தாவைக் கோபியில விட்டுட்டு இப்பத்தான் வந்தோம்.

கிளம்பறப்ப தெய்வானை முன் கதவைத் திறந்து பொத்துன்னு உக்காந்தா. "பின்னாடி உக்காந்து உக்காந்து முதுகு போச்சு எனக்கு"ன்னா. பிருந்தாவோட பெட்டி, வாளி, தலையணை எல்லாம் தொட்டியில. வழி பூராவும் ரெண்டு பேரும் பேச்சு. விடுதியில அறை சின்னதுதான், ஆனா ஜன்னலுக்கு வெளிய வேப்பமரம். ஹெட்மிஸ்ட்ரஸ் அவ கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பிருந்தா திரும்பி வந்து என் கால்ல விழுந்தா. "அன்னைக்கு அப்படிப் பேசிட்டேனுங்க மாமா." நல்லா இரு கண்ணுன்னு தெய்வானைதான் சொன்னா.

திரும்பி வர்றப்ப வெயில் இறங்கிடுச்சு. நல்ல ரோடு. நான் மண்ணூர்ல மறுபடியும் வால்வு மாத்த வேண்டியிருக்கறதைச் சொல்லிட்டு வந்தேன். தெய்வானை ம் கொட்டிட்டு வந்தா. அந்தத் தோப்புக்காரர் பண்ற அழிச்சாட்டியம் எல்லாம் சொன்னேன். வண்டி கோடு போட்ட மாதிரி நேராப் போயிட்டிருந்துச்சு. ஒரு இடத்துல, அடுத்த வாரம் நீயும் வா, தோப்பைப் பாருன்னு சொன்னேன். பதில் இல்லை.

பார்த்தேன். கதவுல தலையைச் சாய்ச்சிருந்தா. வாய் லேசாத் திறந்திருந்துச்சு.

எப்படி ஓரங்கட்டினேன்னு தெரியாது. பின்னாடி வந்த லாரிக்காரன் திட்டிட்டுப் போறான். அவ தோளைப் பிடிச்சு உலுக்கினேன், கன்னத்துல தட்டினேன், தெய்வானை தெய்வானைன்னு கூப்பிட்டேன். பேர் சொல்லி அவ்வளவு சத்தமா நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை.

முழிச்சுட்டு, "ஏனுங்க, என்னாச்சு? வந்துட்டமா?"ன்னா. "கொஞ்சம் கண்ணசந்தா இப்படியா போட்டு உலுக்குவீங்க, கழுத்து சுளுக்கிக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டா.

நான் வண்டியை எடுக்கலை. அவ என் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. எனக்கு அழுகையா வந்துச்சு, அழுதேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, "தூங்காதே. வீடு வர்ற வரைக்கும் ஏதாச்சும் பேசிட்டே வா"ன்னேன்.

அவ பேசிட்டே வந்தா. பிருந்தாவுக்கு ஊறுகாய் குடுத்துவிட மறந்தது, விடுதித் தண்ணி உப்பா இருக்குமோங்கறது, அவ மாமன் பொண்ணு கல்யாணம், எங்க வீட்டுக் கொல்லைக் கதவுக்கு இன்னும் நான் கீல் மாத்தாதது. ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு. நான் ரோட்டைப் பார்த்துட்டு, ஒவ்வொண்ணுக்கும் ம் கொட்டிட்டே ஓட்டினேன்.